ஆபீஸுக்குத் திரும்பச் சொன்னதுதான் காரணமா?

கடிதம் ஆறு பக்கம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகிக்கு வயது 36. ஒரு பெரிய நிறுவனத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறார். இப்போது டீம் லீட். 2020-ல் கொரோனா வந்து ஆபீஸை மூடியபோது லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தவர், அதன்பின் வருடக்கணக்கில் வீட்டிலிருந்தே வேலை செய்திருக்கிறார். "இனி இதுதான் நிரந்தரம்" என்று அப்போதைய மேனேஜர் மெயிலிலேயே எழுதியதை நம்பி, குடும்பம் நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு வீட்டுக்குக் குடிபோனது. நாலு மாதத்துக்கு முன் புது உத்தரவு வந்தது: வாரத்தில் 3 நாள் ஆபீஸ் வர வேண்டும், வருகைக் கணக்கு அப்ரைசலில் சேரும். போக 1 மணி 40 நிமிடம், வர 1 மணி 40 நிமிடம். அங்கே போனால் தனக்கென்று ஒரு மேஜை கிடையாது. காலையில் கிடைத்த இடத்தில் லேப்டாப்பை விரித்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வேறு ஊர்களில் இருக்கும் தன் டீமோடு நாள் முழுக்க வீடியோ மீட்டிங். "இதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாமே என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் தோன்றுகிறது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது" என்கிறார்.

இரவு 9.30-க்குக் குழந்தை தூங்கியதும் மறுபடி லேப்டாப்பைத் திறந்தால் மூட 12 மணி ஆகிறது. தூக்கம் பத்து மாதமாகவே சரியில்லை. 3 மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றைப் பிசைகிறது. கணவர், "எல்லாரும்தானே போறாங்க" என்கிறார். ஒரு நாள் காலை ஐ.டி. கார்டைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்கள். 4 வயது மகள் அதைக் கழுத்துப் பட்டையோடு தன் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "பயங்கரமாகத் திட்டிவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். நான் நல்ல அம்மாவும் இல்லை, நல்ல வேலைக்காரியும் இல்லை."

அவர் கேட்பது நாலு கேள்விகள். வேலையை விட்டுவிடலாமா? பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் வற்றிப்போன நிலை, என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்களா? தோழி ஒருத்தி, ஆபீஸ் வாசலில் வருகையைப் பதிவு செய்யும் மெஷினில் என் ஐ.டி. கார்டையும் சேர்த்து ஸ்வைப் செய்கிறேன் என்கிறாள், ஒத்துக்கொள்ளலாமா? எல்லோரும் சேர்ந்து மேலிடத்துக்கு மெயில் போட்டால் பலன் உண்டா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நாலாம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப்போன ஒன்றைப் பேச வேண்டும். "பஸ் எங்கேயாவது லேசாக மோதினால்கூட நல்லது, ரெண்டு வாரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலோசனை கேட்டு என் அறைக்கு வருகிறவர்களில் பலர் இதே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்றார். இன்னொருவர் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். லீவு கேட்கத் தைரியம் இல்லாதபோது, அடிபட்டாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று மனசு கேட்கிறது. நீங்கள் அந்த அளவுக்குக் களைத்துப் போயிருக்கிறீர்கள். அதனால் இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள், இந்த வரியை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். வயிறு, தூக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இந்த எண்ணம் எப்போதாவது "இருக்கவே வேண்டாம்" என்ற பக்கம் திரும்பினால், அன்றைக்கே, அந்த மணியே, வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வேலை சம்பந்தப்பட்ட எந்த முடிவும் அதற்கப்புறம்தான்.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம்.

அதை மூன்று முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன. ஆபீஸ் உத்தரவு வந்தது நாலு மாதத்துக்கு முன். உங்கள் தூக்கம் கெட்டது பத்து மாதத்துக்கு முன். நடுவில் ஆறு மாதம் நீங்கள் வீட்டிலிருந்தேதான் வேலை பார்த்திருக்கிறீர்கள், 3 மணிக்கு விழித்தும் இருக்கிறீர்கள். அப்படியென்றால் பத்து மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று தேடினேன். இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள்: 6 பேராக இருந்த டீமில் 2 பேர் போய்விட்டார்கள், அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கவில்லை, "அவர்கள் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்."

இதுதான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். 6 பேர் வேலையை 4 பேர் செய்ய ஆரம்பித்தபோது, மிச்சமெல்லாம் உங்கள் தலையில் விழுந்தது. வீட்டில் இருந்தவரை அதை மறைக்க இடம் இருந்தது. காலை 7.30-க்கே லாகின் செய்தீர்கள், சாப்பாட்டு நேரத்திலும் லேப்டாப் பக்கத்தில் இருந்தது, சாயங்காலம் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தீர்கள். யாருக்கும் தெரியாமல், உங்களுக்கே தெரியாமல், அதிகப்படி வேலை அந்த இடுக்குகளில் ஒளிந்துகொண்டது. ஆபீஸ் உத்தரவு வந்து வாரத்துக்கு 10 மணி நேரத்தைப் பயணம் விழுங்கியதும் ஒளிவதற்கு இடமில்லாமல் போய், அத்தனையும் இரவுக்கு நகர்ந்துவிட்டது. உங்கள் கோபம் பஸ்மேலும் ஸ்வைப் மெஷின்மேலும் திரும்பியது இயல்புதான், கண்ணுக்குத் தெரிவது அவைதானே. ஆனால் நாளைக்கே முழு விலக்குக் கொடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்பினாலும், ஒரு மாதம் மூச்சு விடுவீர்கள். அப்புறம் அந்த 10 மணி நேரத்தையும் வேலையே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பகலில் 9 மணி நேரம், இரவில் இரண்டரை மணி நேரம், 5 நாள்: வாரத்துக்கு 57 மணி நேரத்துக்கு மேல். பயணத்தை இதில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று அது சொன்னது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பத்து மாத வேலையால் மட்டும் அது பெரும்பாலும் வந்துவிடாது. வருடக்கணக்கில் இப்படியே இருந்தால்தான் கவலை. "நான்தான் சமாளிக்கத் தெரியாதவள்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதிலாகத்தான் இந்த எண்ணைச் சொன்னேன். நீங்கள் சமாளித்துக்கொண்டிருப்பது ஒரு ஆள் சமாளிக்க வேண்டிய அளவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வதுதான் நல்லது என்று ஆராய்ச்சிகளே சொல்லியும் கம்பெனி கேட்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிகள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் சீனாவில் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 9 மாதம் நடத்திய சோதனை 2015-ல் வெளியானது. வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அந்த 13-ல் 9 எங்கிருந்து வந்தது தெரியுமா? கூடுதல் நிமிடங்களிலிருந்து. இடைவேளை குறைந்தது, உடம்பு சரியில்லை என்று போடும் லீவு குறைந்தது. உங்கள் 7.30 லாகினை நினைத்துப் பாருங்கள். அதே நிறுவனத்தில் பிற்பாடு 1,612 பேரை வைத்து 6 மாதம் நடந்த ஹைப்ரிட் சோதனை 2024-ல் வெளியானது. வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டதால் வேலையின் தரம் குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தக் குறைவு பெண்களிடமும் தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும் நன்றாகத் தெரிந்தது. ஆக வீட்டில் 2 நாள், ஆபீஸில் 3 நாள் என்ற உங்கள் ஏற்பாடு கொடுமையான ஏற்பாடு என்று ஆராய்ச்சியை வைத்துச் சொல்ல முடியாது. அந்த 3 நாளை எப்படி அமைக்கிறார்கள் என்பதில்தான் கொடுமை இருக்கிறது.

அதில் உங்கள் பக்கம் நியாயம் நிறைய உண்டு. 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்ன ஒரு கருத்தை நான் தினமும் பயன்படுத்துகிறேன். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை; பளுவும் அதிகமாகி, அதை எப்படிச் செய்வது என்பதில் நம் பேச்சுக்கும் மதிப்பில்லாமல் போகும்போதுதான் மனுஷர் உடைகிறார். எந்த நாள், எந்த நேரம், எந்த மேஜை, எதற்காக என்று எதிலுமே உங்களைக் கேட்கவில்லை. 11 வருடம் உழைத்தவரை வாசலில் ஒரு மெஷின் எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த அவமானத்தைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உரிமை என்று எது இருக்கிறது

பழைய மேனேஜரின் மெயிலைக் காட்டி "இது என் உரிமை" என்று சண்டை போடலாம் என்று நினைக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து, வேலை செய்யும் இடம் என்ன என்று போட்டிருக்கிற பகுதியைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ஆபீஸ் முகவரியும், நிறுவனம் தேவைக்கேற்ப இடத்தை மாற்றலாம் என்ற வரியும் இருக்கும். அதற்குப் பிறகு வந்த இன்கிரிமென்ட் லெட்டர்களிலோ பதவி உயர்வுக் கடிதத்திலோ "வீட்டிலிருந்து" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் கை பலமானது. மேனேஜர் தன் போக்கில் எழுதிய மெயில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமா என்பது, அப்படி எழுத அவருக்கு அதிகாரம் இருந்ததா என்பதையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரிடம் லெட்டர், மெயில் இரண்டையும் ஒரு மணி நேரம் காட்டிப் பேசுவது நல்ல செலவு.

சட்டம் முன்னேறியிருக்கிற நாடுகளிலும் நிலைமை இதுதான். பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, வேலையில் சேர்ந்த முதல் நாளே நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. கேட்க உரிமை, அவ்வளவுதான். தொழில் காரணம் காட்டி நிறுவனம் மறுக்கலாம். உங்கள் இரவு வேலைக்குப் பொருந்தும் சட்டங்களும் சில இடங்களில் வந்திருக்கின்றன. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நாட்டில் அது இல்லாவிட்டாலும், வேலை நேரத்தைப் பற்றி ஏதாவது ஒரு விதி அனேகமாக இருக்கும், உங்கள் கம்பெனியின் சொந்த விதிப் புத்தகத்திலேயே இருக்கலாம். என் கணிப்பில் உங்கள் வலுவான வாதம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

நடுவில் ஒன்று. ஆதாரத்துக்காக ஆபீஸ் மெயில்களையெல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். அதில் கிளையன்ட் விவரம் ஒரு வரி இருந்தாலும் ரகசியத்தை மீறியதாக உங்கள்மேலேயே நடவடிக்கை வரலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப்போவீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எப்போது முடித்தேன், யார் என்ன சொன்னார். வாய்மொழியாக ஏதாவது சொன்னால் அன்றைக்கே "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, சரிதானே?" என்று ஆபீஸ் மெயிலிலேயே பணிவாக ஒரு பதில் போடுங்கள்.

நீங்கள் கேட்ட நாலு கேள்விகள்

முதலில் கார்டு, ஏனென்றால் அதற்குப் பதில் சுலபம். வேண்டாம். உங்கள் கார்டை இன்னொருவர் ஸ்வைப் செய்தால் அது வருகைப் பதிவில் மோசடி. வாசலில் கேமரா இருக்கும், லேப்டாப் எந்த நெட்வொர்க்கில் லாகின் ஆனது என்ற பதிவும் இருக்கும். மாட்டினால் உங்களோடு சேர்ந்து அந்தத் தோழியும் வேலையை இழப்பாள். அடுத்த கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்கும்போதும் அது எட்டிப்பார்க்கும். போய் ஸ்வைப் செய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பி வருவதைப் பலர் செய்கிறார்கள். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்த அன்று அதுவும் முடிந்துவிடும்.

அடுத்து சான்றிதழ். பர்ன்அவுட் ஒரு நோய் என்று நினைத்துக் கேட்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் சரிசெய்யப்படாத மன அழுத்தத்தால் உண்டாகும் நிலை என்றுதான் அதில் இருக்கிறது. அதற்கு மூன்று முகம் சொல்கிறார்கள்: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலைமேலேயே ஒரு வெறுப்பும் விலகலும் வருவது, நம்மால் எதுவும் உருப்படியாக ஆகவில்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் தெரிகின்றன. ஆனால் இதன் பின்னால் தூக்கமின்மையோ, பதற்ற நோயோ, மனச்சோர்வு நோயோ இருக்கலாம். அவை நோய்கள்தான், மருத்துவம் உண்டு, சான்றிதழும் தரலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் டாக்டர். "வீட்டிலிருந்து வேலை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். ஓய்வு தேவை என்று அவர் சொன்னால் மருத்துவ விடுப்பு எடுங்கள், கூச்சப்படாமல் எடுங்கள். ஹெச்.ஆருக்குப் போகும் தாளில் நோயின் பெயரே இருக்க வேண்டுமா, "மருத்துவக் காரணம்" என்றால் போதுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சேர்ந்து மெயில் போடுவது பற்றி: தனியாகப் போடுவதைவிட நல்லது. ஆனால் இரவு 11 மணிக்குக் கோபத்தில் எழுதி, உங்கள் பெயரை முதலில் போட்டு, நிறுவனத் தலைவருக்கு நேராக அனுப்புவது வேறு. பகலில் யோசித்து எழுதி, ஹெச்.ஆரின் முறையான வழியில், கேள்வி வடிவில் அனுப்புவது வேறு. தொழிற்சங்கமோ ஊழியர் குழுவோ இருந்தால் அவர்கள் மூலம் போவது பாதுகாப்பு. உத்தரவையே ரத்து செய்யச் சொன்னால் "முடியாது" என்று ஒரே வரியில் பதில் வரும். நேரத்தை முன்பின் மாற்றிக்கொள்ள முடியுமா, 3 நாளை மாதக் கணக்கில் 12 நாளாகப் பார்க்க முடியுமா, தூரத்தில் இருப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்டால் அவர்கள் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். "நாமே வெறுத்துப்போய் ஓடட்டும் என்றுதான் இதைச் செய்கிறார்கள்" என்ற வரியை மெயிலில் சேர்க்காதீர்கள். சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். உங்களால் நிரூபிக்க முடியாது, நிரூபித்தாலும் உங்கள் தூக்கம் திரும்பாது.

வேலையை விடுவது. விடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். விட்டுவிட்டுப் பிழைத்தவர்களை, ஏன், விட்டதால்தான் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நாலு மணி நேரத் தூக்கத்தில் எடுக்கிற முடிவு அது இல்லை. களைப்பு அதிகமாகும்போது மனசுக்கு இரண்டு வழிதான் தெரியும்: இப்படியே சாவது, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உதறுவது. நடுவில் இருக்கிற பத்து வழியும் தூங்கி எழுந்தால்தான் தெரியும். பேப்பர் போட்டு, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், வேண்டாம் என்று நினைத்தாலும் திரும்ப எடுப்பது பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும். அதனால் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், போனஸ் எந்தத் தேதியில் வரும், திருப்பிக் கட்ட வேண்டிய பாண்ட் ஏதாவது இருக்கிறதா, கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓடும். வேறு வேலை தேட ஆரம்பிப்பதில் தப்பே இல்லை, இன்றே ஆரம்பிக்கலாம். வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே பேசுகிற குரல் மாறும். ஆனால் புது இடத்தில் எத்தனை நாள் ஆபீஸ் என்று கேட்பதற்கு முன்னால், டீமில் எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள்.

மேனேஜரிடம் பேசுவது

இதுவரை மேனேஜரிடம் நீங்கள் பேசியது பயணத்தைப் பற்றி மட்டும்தான். அவரும் "எல்லோரும்தான் வருகிறார்கள்" என்று முடித்துவிட்டார். உங்கள் கணவர் சொன்ன அதே வாக்கியம், கவனித்தீர்களா? தூரத்தைச் சொன்னால் அந்தப் பதில்தான் வரும், ஏனென்றால் தூரம் எல்லோருக்கும் இருக்கிறது. 6 பேர் வேலையை 4 பேர் செய்வது எல்லோருக்கும் இல்லை. அந்த மாதிரி மேனேஜர்களும் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். வாராவாரம் மேலிருந்து வரும் வருகைப் பட்டியலில் சிவப்பாகத் தெரியும் பெயர்களுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உத்தரவை மாற்ற அவரால் முடியாது. வேலையைக் குறைக்க, தள்ளிப்போட, ஆள் கேட்க அவரால் முடியும். அவரால் முடிகிறதை அவரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் நோட்டில் எழுதியபின், அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்கி, இப்படி ஆரம்பிக்கலாம்: "பத்து மாசமா ரெண்டு பேர் வேலையைச் சேர்த்துப் பார்க்கிறேன். என் வாரம் இப்போ 57 மணி நேரம் ஆகுது, இதோ கணக்கு. இதே மாதிரி என்னால தொடர முடியாது. இந்தப் பட்டியல்ல இருக்கிற ஒன்பது வேலையில எந்த மூணை நிறுத்தலாம்னு நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அமைதி சங்கடமாக இருக்கும், நீங்களே புகுந்து "பரவாயில்லை, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லத் தோன்றும். 11 வருடமாக நீங்கள் சொல்லிவருவது அதைத்தான். இந்த முறை அவர் பேசட்டும்.

வேலையைப் பற்றி ஒரு முடிவு வந்தபின் நேரத்துக்கு வாருங்கள். நெரிசல் அடங்கிய பின் 11 மணிக்கு வந்து 4 மணிக்குக் கிளம்பி, மிச்சத்தை வீட்டில் முடிப்பதாக 6 வாரம் சோதனைக்குக் கேளுங்கள். 6 வாரம் கழித்து எதை வைத்து முடிவு செய்வது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். பேசியதை அன்றே மெயிலில் போடுங்கள். மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், பிறகு அதை வைத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் போங்கள். ஹெச்.ஆர். உங்கள் எதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரியும் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. நிறுவனத்துக்குச் சிக்கல் வராமல் பார்ப்பவர்கள். தேதியோடு எழுத்தில் வரும் புகாரை அவர்கள் அலட்சியம் செய்வது கடினம்.

வீட்டில்

கணவரிடம் சண்டையாக இல்லாமல் நோட்டைக் காட்டுங்கள். "எல்லாரும்தானே போறாங்க" என்பவருக்கு நீங்கள் இரவு 12 மணி வரை உட்கார்வது ஒரு பழக்கம் மாதிரி ஆகிவிட்டது, தினமும் பார்ப்பதால் கண்ணில் படுவதில்லை. வாரத்தில் இரண்டு இரவு லேப்டாப் திறக்காமல் இருக்கப் போகிறேன், அந்த இரண்டு நாள் காலை வேலைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. அந்த இரண்டு இரவில் ஏதாவது வேலை முடியாமல் கிடந்தால் கிடக்கட்டும். அது தெரிந்தால்தானே ஆள் பற்றாக்குறை தெரியும்.

மகள் விஷயம். அவள் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, சகோதரி. அந்தப் பட்டையைக் கழுத்தில் மாட்டினால் அம்மா போய்விடுகிறாள் என்பதை நாலு வயதில் தானே கண்டுபிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்திருக்கிறாள். திட்டியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், குழந்தைகள் அதை நன்றாகவே வாங்கிக்கொள்வார்கள். ஆபீஸ் போகிற மூன்று நாளும் கார்டை அவள் கையில் கொடுத்து, உங்கள் கழுத்தில் அவளையே மாட்டிவிடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்று கடிகாரத்தில் முள் நிற்கும் இடத்தைக் காட்டுங்கள். காட்டிய நேரத்துக்கு வந்துவிடுங்கள். இதைச் செய்ய உங்கள் வேலை குறைந்தாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் டாக்டர், பிறகு நோட்டு, பிறகு மேனேஜர். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எத்தனை நாள் ஆபீஸ் போகிறீர்கள் என்பதைப் பின்னால் எழுதலாம். இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.